மூன்றாந்தரக்காரர்

மூன்றாந்தரக்காரர் என்பவர் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மூன்றாவது தடவையாகத் தோற்றுபவர். 'தரம்' என்ற சொல் இங்கே தடவையைக் குறிக்குமே தவிரத் தகுதியைக் குறிக்காது. கலியாண வீடுகளில் இந்த விளக்கத்தை அவர் அடிக்கடி சொல்ல நேர்கிறது. பரீட்சைக்குத் 'தோற்றினார்' என்பதற்கும் 'தோற்றார்' என்பதற்கும் ஓர் எழுத்துத்தான் இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறார்.

நாடு முழுவதும் காணப்படும் இந்த வகை, திரியாயிலும் உண்டு. திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளி, குச்சவெளி கடந்து வரும் வயல் கிராமம் இது. இங்குள்ள மலையில் பழைய பௌத்த தூபி ஒன்று இருக்கிறது. இரண்டு வணிகர்கள் புத்தரின் கேசதாதுப் பேழையைச் சற்று நேரம் அங்கே இறக்கி வைத்ததாகவும், திரும்ப எடுக்கப் போனபோது அது அசையவே இல்லை என்றும் ஐதிகம். மூன்றாந்தரக்காரரின் மேசையிலுள்ள பாஸ்ட் பேப்பர் கட்டும் அதே இயல்புடையது.

பரீட்சை மண்டப வாசலில் மூன்று தரத்தாரையும் எளிதில் பிரித்தறியலாம். முதலாந்தரக்காரர் நாலு பேனை, நெற்றி நிறையத் திருநீறு, கடைசி நிமிடம் வரை மூடாத கொப்பி ஆகியவற்றுடன் வருவார். இரண்டாந்தரக்காரருக்கு வினாத்தாளை விட, வினாத்தாளுக்குப் பிறகு ஊர் கேட்கப்போகும் வினாக்களே பயம். மூன்றாந்தரக்காரர் ஒரு பேனையும் ஒரு போத்தல் தண்ணீரும் மட்டும் கொண்டுவருவார். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் முதல்நாள் இரவே சட்டைப் பையில் ஏறியிருக்கும். எந்த மின்விசிறி சுழலும், எந்த மேசை ஆடும் என்பது நோக்குநருக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும்.

அவருடைய நிதானத்துக்கு ஒழுங்கான முறை உண்டு. இரண்டாம் பகுதி வினாத்தாளுக்கு 10 நிமிடம் மேலதிக வாசிப்பு நேரம் தரப்படுகிறது. மற்றவர்கள் அதைப் பெருமூச்சு விடுவதற்குப் பயன்படுத்த, அவர் எழுதப்போகும் வினாக்களைத் தெரிந்து, இலேசானதை முதலில் வைத்துக்கொள்வார். எம்.சி.கியூ. 50 வினாவில் விடை வராததற்கு ஒரு புள்ளி அடையாளம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். பக்கத்து மேசைக்காரர் மேலதிகத் தாள் கேட்டுக் கை உயர்த்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன இரண்டு முறையும் நிறைய எழுதியவர்களில் அவரும் ஒருவர். பரீட்சை முடிந்ததும் மாமரத்தடியில் கூடி விடை ஒப்பிடும் கூட்டத்தைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கத்தால் விடுவார்.

2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கி, மழை வெள்ளத்தால் 27ஆம் திகதி முதல் தடைப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் நடந்தது. இப்படியான இடைவேளை முதலாந்தரக்காரருக்குப் படித்ததை மறக்கும் காலம். இரண்டாந்தரக்காரருக்கு மறந்ததை எண்ணும் காலம். மூன்றாந்தரக்காரருக்கோ அது நித்திரைக்கான காலம்.

அறிவுரை வழங்குவது இவருடைய முக்கியமான தொழிற்பாடு. "பதறாதை தம்பி, அஞ்சிலை ஒண்டு எப்பிடியும் சரியாத்தான் இருக்கும்" என்பது அதற்கு மாதிரி. இதில் அவர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் தங்கியிருக்கிறது. ஒருவர் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பது அதன் முறை. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் திருகோணமலை உட்படப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. எனவே அவருடைய உண்மையான போட்டியாளர் கொழும்பில் இல்லை. அதே மண்டபத்தில் பக்கத்து மேசையில் இருக்கிறார். அந்தத் தம்பியின் பதற்றத்தைத் தீர்க்கத் தீர்க்க, மாவட்ட வெட்டுப்புள்ளி இவருக்கு எட்டாமல் ஏறிக்கொண்டே போகும். இதைச் சொன்னாலும் அவர் அறிவுரையை நிறுத்துவதில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்கு மேல் தோற்ற முடியாது. ஆகவே மண்டபத்திலேயே மிக நிதானமாக இருப்பவர், இன்னொரு முறை வர வழியில்லாதவர். 'அடுத்தமுறை பார்க்கலாம்' என்ற ஆறுதல் இல்லாதபடியால், அதை நினைத்து நேரம் போக்கும் தொல்லையும் அவருக்கு இல்லை.

பெறுபேறு வந்தபின் இவ்வகையினர் இரண்டாகப் பிரிவர். ஒரு பிரிவினர் கம்பஸ் போவர். மற்றப் பிரிவினர் ஊரில் ரியூசன் தொடங்குவர். பாடத்திட்டத்தை மூன்று தரம் முடித்த ஆசிரியர் என்பதால் பிள்ளைகளும் சேருவர்.