வரிக்கு வழி சொல்லும் வலைத்தளம்

கே: பட்டுக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும் சிறிய ஆடிட்டர் அலுவலகம் என்னுடையது. வருகிறவர்கள் எல்லாம் சிபாரிசில்தான் வருகிறார்கள். எனக்கு எதற்கு வெப்சைட்?
– ஒரு வாசகர், காந்தி ரோடு, காஞ்சிபுரம்

ப: சிபாரிசில் வருகிறவரும் போனில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறார். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் அவருக்குத் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான் தளத்தின் வேலை.

கே: முகப்பில் முதலில் என்ன இருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, செவிலிமேடு

ப: யார் நீங்கள், யாருக்கு என்ன வேலை செய்கிறீர்கள், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, எந்த எண். ‘ஒருங்கிணைந்த நிதித் தீர்வுகள்’ என்று எழுதினால் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் எதுவும் விளங்காது. ‘மாஸ்டர் வீவர்கள், பட்டுக் கடைக்காரர்கள், கூலிக்கு நெய்பவர்கள் – இவர்களுக்கு ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்க்கிறோம்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். விடுமுறை நாட்களையும் போடுங்கள். வரதராஜர் கோயில் வைகாசி கருட சேவை சில ஆண்டுகளில் ஜிஎஸ்டி தேதிகளை ஒட்டி வந்துவிடும். அன்று அலுவலகம் உண்டா, இல்லையா என்ற ஒரு வரி, ஐயம்பேட்டையிலிருந்து கூட்டத்தில் நீந்தி வரும் ஒருவரின் அரை நாளைக் காப்பாற்றும்.

கே: ‘காஞ்சியின் நம்பர் ஒன் ஆடிட்டர்’ என்று போடலாமா? எங்களிடம் கணக்குப் பார்க்கும் பெரிய கடைகளின் பெயர்களை?
– ஒரு இளம் சி.ஏ., பெரிய காஞ்சிபுரம்

ப: இரண்டும் வேண்டாம். வேலை கேட்டு ஆள் பிடிப்பதையும் தொழிலை விளம்பரப்படுத்துவதையும் 1949-ஆம் ஆண்டின் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் சட்டம் தொழில் ஒழுக்கக் கேடு என்கிறது, விலக்குகள் சிலவே. சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்களின் அமைப்பான ஐசிஏஐ 2008-இல் வகுத்த நெறிகளின்படி, வாடிக்கையாளரின் பாராட்டுரையும் ‘மற்றவரைவிட நாங்கள் மேல்’ என்ற பேச்சும் கூடாது. தேடி வருபவர் பார்க்கலாம், நீங்களாகக் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது என்பதே நெடுங்காலம் வலைத்தளத்துக்கு அடிப்படையாக இருந்தது. இந்த விதிகள் திருத்தப்பட்டு வருவதால், தளத்தை ஏற்றுமுன் ஐசிஏஐயின் அன்றைய விதியைப் படித்துவிடுங்கள். தடை விழுந்திருப்பது தற்பெருமைக்குத்தான். பயனுள்ள தகவல் தருவதற்கு நிறைய இடம் இருக்கிறது.

கே: நான் ஜிஎஸ்டி பிராக்டிஷனர். ஊரே ‘ஆடிட்டர் சார்’ என்றுதான் கூப்பிடுகிறது. தளத்திலும் அப்படியே போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ஓரிக்கை

ப: ஊர் கூப்பிடட்டும், நீங்கள் எழுத வேண்டாம். ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்பது சட்டம் தந்த தகுதி. பிசிடி-02 சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறது. அதைச் சொல்லி நிமிர்ந்து நில்லுங்கள்.

கே: மியூச்சுவல் ஃபண்டு எடுத்துக் கொடுக்கிறேன். ‘முதலீட்டு ஆலோசகர்’ என்று எழுதலாமா?
– ஒரு வாசகர், சின்ன காஞ்சிபுரம்

ப: அந்தப் பெயருக்கு 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி செபியில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண் ‘ஐஎன்ஏ’ என்று தொடங்கும். உங்களிடம் இருப்பது ஏஆர்என் எண் என்றால், ‘விநியோகஸ்தர்’ என்று எழுதி எண்ணையும் போடுங்கள். ‘உறுதியான லாபம்’ என்ற சொல் தளத்தின் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது. தறியில் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு இல்லாத உறுதியைத் தருவது பாவம்.

கே: தளம் தயார். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.
– ஒரு சி.ஏ., முத்தியால்பேட்டை

ப: உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளையே எழுதுங்கள். இதோ இரண்டு.

முதலாவது, ‘நான் ஜிஎஸ்டி பதிவு எடுக்கணுமா?’ முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்க, ஒருவர் கூலிக்கு நெய்கிறார். அவர் விற்பது தன் உழைப்பை. அது சேவை, தமிழ்நாட்டில் பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். சொந்தப் பட்டில் நெய்து சேலையாக விற்பவருக்குப் பொதுவான வரம்பு 40 லட்சம். வெளிமாநிலத்துக்கு விற்றால் விதி வேறு. இவ்வளவு தெரிந்தாலே பல வீடுகளில் பயம் தெளியும்.

இரண்டாவது, ‘சேலை கொடுத்து மூணு மாசம் ஆச்சு, கடைக்காரர் பணம் தரலை.’ உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் போய்ச் சேர வேண்டும். கெடு தாண்டினால், பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் கடைக்காரர் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 2023-24 கணக்காண்டிலிருந்து இதுதான் நடைமுறை. நெசவாளருக்கும் கடைக்காரருக்கும் ஒரே பக்கத்தில் பயன் தரும் செய்தி இது.

கே: ஒருமுறை செய்துவிட்டால் போதும்தானே?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

ப: போதாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறின; ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய் ‘வரி ஆண்டு’ வந்தது. பழைய எண்களோடு நிற்கும் தளத்தைப் பார்ப்பவர், ஆடிட்டரும் அங்கேயே நின்றுவிட்டார் என்று நினைப்பார். கடைசியாகத் திருத்திய தேதியைத் தளத்திலேயே காட்டுங்கள். மாதம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள்.

கே: ஆதார், பான் நகல்களைத் தளத்திலேயே ஏற்றச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம்

ப: முதல் தொடர்புக்குப் பெயரும் போன் எண்ணும் போதும். வாங்கிய ஆவணத்தைக் காப்பது உங்கள் கடமை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. வருமான வரி பாஸ்வேர்டைப் படிவத்தில் கேட்கவே கேட்காதீர்கள்.

கே: தமிழா, ஆங்கிலமா?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

ப: முதலில் தமிழ். பக்கத்திலேயே ஆங்கிலம்.

கே: நல்ல தளம் என்பதற்கு ஒரே ஒரு சோதனை சொல்லுங்கள்.
– ஒரு மாணவி, காஞ்சிபுரம்

ப: கூலிக்கு நெய்யும் ஒருவரிடம் அவர் போனிலேயே திறந்து காட்டுங்கள். எந்தெந்தத் தாளை எடுத்துக்கொண்டு, எந்த நாளில், யாரைப் பார்க்க வர வேண்டும் என்று அவர் உங்களிடம் கேட்காமலே சொல்லிவிட்டால் தளம் தேறியது. அதற்கு உதவாத படத்தையும் பத்தியையும் இன்றே எடுத்துவிடுங்கள்.