அடுப்பங்கரைக்கு 10,000 ரூபா போதும் அப்பு

நீ செல்லுல அனுப்பி வச்ச பட்டியலை உங்க சித்தி வரி விடாம வாசிச்சுக் காட்டுனா அப்பு. முட்டை அவிக்க ஒரு மிஷினு, காய் நறுக்க ஒரு மிஷினு, ரொட்டி வாட்ட ஒண்ணு, எண்ணெய் இல்லாமப் பொரிக்க இன்னொண்ணு. எல்லாம் சரிதான். சோறாக்க ஒரு குண்டானைக் காணோமே? சோத்தை மட்டும் பக்கத்து வீட்டுல வாங்கிக்கிருவியோ?

கையில 10,000 ரூபா இருக்குங்கிற. கல்யாணமாகி இருக்கப்போறது ரெண்டு பேரு. தாராளமாப் போதும். ஆனா கடைக்குள்ள காலெடுத்து வைக்கிறப்ப அஞ்சாயிரந்தான் இருக்குன்னு சொல்லு. பொய் சொன்ன பாவத்தைக் கோயிலுக்குப் போறப்ப கழிச்சுக்கலாம்.

முதல்ல தோசைக்கல்லு. ஒட்டாதுன்னு கறுப்புப் பூச்சுப் பூசி விக்கிறானே, அதை வாங்குனா அதுக்குன்னு மரக்கரண்டியும் வாங்கணும், தீயைக் கூட்டக் கூடாது, வெறுங்கல்லைக் காயவிடக் கூடாது, கம்பி நாரு படக் கூடாது. தின்கிற தோசை ஒண்ணு, இருக்கிற பத்தியம் ஒம்பது. பூச்சு உரிஞ்சா தூக்கித்தான் போடணும். இரும்புக்கல்லு உம் பேரன் காலம் வரைக்கும் வரும். அதுக்கு நீ முதல்ல ஒரு பிள்ளையப் பெறணும், அது வேற பேச்சு.

இரும்பைச் சனிக்கிழமை வாங்கக் கூடாதும்பாக. உனக்கு ஞாயித்துக்கிழமையும் லீவுதானே, அன்னைக்கே போ. வீட்டுக்குக் கொண்டாந்ததும் நல்லாத் தேய்ச்சுக் கழுவி வடிகஞ்சியில ரெண்டு மூணு நாள் ஊறப்போடு. தெனமும் கஞ்சியை மாத்து. (கஞ்சி வேணும்னா சோறு வடிக்கணும். அதுக்குத்தான் முதல்லயே குண்டானைக் கேட்டேன்.) அப்புறம் கழுவித் துடைச்சு, சின்னத் தீயில காயவச்சு, நல்லெண்ணெயத் தடவி, பாதி வெங்காயத்தக் குத்திப் பிடிச்சுத் தேய்ச்சுக்கிட்டே இரு. எண்ணெய் சூட்டுல இறுகிப் படலமாப் பிடிச்சுக்கிரும். அந்தப் படலந்தான் தோசையை ஒட்டவிடாது. மொத மொதச் சுடுற தோசை பிய்ஞ்சுதான் வரும். அதை யார் தட்டுல வைக்கணும்னு உம் பொண்டாட்டிக்குத் தெரியும். கல்லைச் சோப்புத் தண்ணியில ஊறவைக்காத. கழுவுனதும் துடைச்சு எண்ணெய் தொட்டு வை, இல்லாட்டித் துருப்பிடிக்கும். அதுலயே சப்பாத்தியும் போட்டுட்டு, மறுநாள் தோசை வரலைன்னு எனக்குப் போன் போடாத.

புளி ஊத்துன எதையும் இரும்புல கொதிக்கவிடாத, கொழம்பு கறுத்துப் போயி இரும்பு ருசி ஏறிரும். அதுக்கு ஒரு மண்சட்டி. ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டு வச்சு, அதுலயும் கஞ்சியக் கொதிக்க வச்சுப் பழக்கிட்டா முடிஞ்சது. உன் பட்டியல்ல இருக்கிற எதைவிடவும் விலை கம்மி. போட்டு உடைச்சாலும் அழுகை வராது.

இனி எவர்சில்வர் கடை. கடைக்காரன் ஒரு காந்தத்த வச்சுக் காட்டி, "பாருங்க சார், ஒட்டல, அசல் சரக்கு"ம்பான். நீ படிச்சவன், தலையை ஆட்டுவ. 304ன்னு சொல்ற நல்ல சரக்கும் ஒட்டாது. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டுன 202ம் ஒட்டாது. காந்தத்துக்கு வித்தியாசம் தெரியாது, அவனுக்குத் தெரியும். எத்தனையாம் நம்பரு சரக்குன்னு கேட்டு, பில்லுல எழுதச் சொல்லு. பேனாவைத் தேடிக்கிட்டே இருந்தான்னா நடையக் கட்டு. ஒண்ணு கவனி: நீ இண்டக்ஷன் அடுப்பும் வச்சிருக்க. அதுக்கு வாங்குற ஏனத்துக்கு மட்டும் அடியில காந்தம் ஒட்டணும். ஒட்டாட்டி ஏனம் சூடே ஆகாது, அடுப்பு கீ கீன்னு கத்திக்கிட்டுக் கெடக்கும். இரும்புக்கல்லு அடி தட்டையா இருந்தா அதுலயும் தாராளமாச் சுடலாம்.

51 உருப்படி டின்னர் செட்டு தள்ளுபடியில கெடைக்குதாமே? எண்ணிப் பாரு, பாதி ஸ்பூனாத்தான் இருக்கும்.

ஓசியில வாங்கவே கூடாத சாமான் ஒண்ணே ஒண்ணு, குக்கரு. அத்தை வீட்டுப் பரண்ல பழசு கெடக்குன்னு போயி நிக்காத. கேஸ்கட்டு இத்துப்போயி, வால்வு அடைச்சுப் போயி, அது எப்ப வெடிக்கும்னு அத்தைக்கே தெரியாது. ஐஎஸ்ஐ முத்திரை பாத்து மூணு லிட்டருல புதுசா வாங்கு. மூணுல ரெண்டு பங்குக்கு மேல ரொப்பாத, பருப்புன்னா பாதியோட நிறுத்து. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

மத்தபடி பரணுதான் உனக்கு முதல் கடை. 2011ல ஆரம்பிச்சு அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், காத்தாடின்னு குடுத்துச்சே, நம்ம சாதி சனத்துல எத்தனை வீட்டுல அட்டைப்பெட்டியே பிரிக்காமக் கெடக்குன்னு நினைக்கிற? மிக்சியக் கேளு. கிரைண்டரக் கேக்காத, ரெண்டு பேருக்கு அது எடத்தை அடைக்கும். கிரைண்டருக்கே பேர்போன கோயம்புத்தூருல குடியிருந்துகிட்டு மாவுப் பாக்கெட்டு வாங்குறான்னு ஊரு சிரிக்கும். சிரிக்கட்டும்.

கேக்குறதுக்கும் ஒரு மொறை இருக்கு. "குடுங்க"ன்னு கேட்டா குடுக்கமாட்டாக. காப்பியக் குடிச்சுட்டு, "இந்த மாதிரி இட்லிக்கொப்பரை இப்பெல்லாம் எங்க சித்தி கெடைக்குது?"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்க. கிளம்புறப்ப அது பையில இருக்கும். கல்யாணத்துக்கு வர்றவுககிட்டயும் முன்கூட்டியே உங்க அம்மாவ விட்டு, பிள்ளைக்கு அடிகனமான சட்டி ஒண்ணு இல்லைன்னு பொலம்பச் சொல்லு. இல்லைன்னா நாலு ஹாட்பாக்சும் அஞ்சு சுவர்க் கடியாரமும்தான் வரும்.

அஞ்சறைப்பெட்டியும் அருவாமனையும் வாங்காத, எங்கிட்ட ரெண்டு ரெண்டு இருக்கு. வந்து எடுத்துக்க, பஸ் காசு உன்னோடது. நான் சொன்னபடி வாங்குனா ரெண்டாயிரமாவது கையில மிஞ்சும். அதை வச்சு முட்டை அவிக்கிற மிஷினு வாங்கிறாத. சித்தி நம்பருக்கு அனுப்பி விடு. எனக்கு வெத்தலைச் செலவு இருக்கு.