மூணு பேஸ் வீடு

வீட்டு மின் இணைப்பின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: சாமான்களின் வாட் கணக்கு, வீட்டுக்காரரின் கௌரவம். தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரை ஒரு பேஸ், அதைத் தாண்டினால் மூன்று பேஸ். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ‘மூணு பேஸ் வீடு’ என்றால் வசதியான வீடு என்று பொருள். பெண் கொடுக்க வருபவர்களில் விவரமானவர்கள் மீட்டர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காபியை வாங்குவார்கள்.

முதலாவது கணக்கு எளிது. எல்.இ.டி. பல்பு பத்துக்கு 90 வாட், பழைய ரக மின்விசிறி ஐந்துக்கு 375, டி.வி. 100, பிரிட்ஜ் 200, மிக்சி 750, கிரைண்டர் 200. மொத்தம் 1,715. இவற்றில் பாதி, காசு கொடுத்து வாங்காதவை. 2006-க்குப் பிறகு கலர் டி.வி.யையும், 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் அரசே கொடுத்தது. பல வீடுகளின் மின்சுமை இப்படித் தேர்தலுக்குத் தேர்தல் ஏறியதுதான். அயர்ன் பாக்ஸ் 1,000, ஒரு ஹெச்.பி. மோட்டார் சுமார் 1,000 என்று சேர்த்தாலும் 4 கிலோவாட்டுக்குள் அடங்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று வந்ததும் கணக்கு 5-ஐத் தாண்டிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து மகன் லீவில் வரும் ஒரு மாதத்துக்காக வாங்கப்பட்ட ஏ.சி. என்றாலும் விண்ணப்பத்தில் அதைக் காட்டியாக வேண்டும்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை என்பதை மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஏ.சி. ஓடும் மதிய வேளையில் எவரும் சட்டை தேய்ப்பதில்லை, மாவும் ஆட்டுவதில்லை. கெடுப்பது மோட்டார்தான். இந்த வறண்ட பூமியில் ஒரு ஹெச்.பி.க்குத் தண்ணீர் எட்டுவது அபூர்வம். போர் ஆழமாக ஆழமாக மோட்டாரின் ஹெச்.பி. கூடும், கிளம்பும் நொடியில் அது வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஆகவே இங்கே இணைப்பின் அளவைச் சொல்லத் தகுதியானவர் வயர்மேன் அல்லர், போர் போட்டவர்.

மூன்று பேஸ் வாங்கினால் வேலை முடிந்துவிடாது. சுமையை மூன்றிலும் பிரித்துப் போட வேண்டும். பல வீடுகளில் ஏ.சி., மோட்டார், ஹீட்டர் எல்லாம் ஒரே பேஸில் தொங்கும். மற்ற இரண்டும் ஓரிரு பல்புகளை எரித்துக்கொண்டு, ஒருவன் மட்டும் உழைக்கும் வீட்டின் அண்ணன் தம்பிகளைப் போல இருக்கும்.

மூணு பேஸில் ஒரு வசதி உண்டு. ஒரு பேஸில் கரண்ட் போனாலோ லோ வோல்டேஜ் வந்தாலோ, அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த யோசனை தெருவில் எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் தோன்றும். நன்றாக இருந்த பேஸும் அத்துடன் படுத்துவிடும். டிரான்ஸ்பார்மர் சிறியதாக இருக்கும்போது வீட்டு இணைப்பைப் பெரிதாக்கி என்ன பயன்? திருச்சுழிக்கு அந்தப் பக்கம் கமுதியில், 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இதே வெயிலைத்தான் விற்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அது தெரியாது.

ஒரு வீட்டுக்கு இரண்டு இணைப்பு கேட்பவர்களும் உண்டு. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மீட்டர் இரண்டானால் இலவசமும் இரண்டு. தனிக் குடித்தனம் என்று காட்டுவதற்காகவே மாடியில் திடீரென்று ஓர் அடுப்படி முளைக்கும். அதிகாரி வந்துபோகும் வரை அதில் பாலும் காயும்.

ஆபத்தான சிக்கனம் வேறொன்று. பீஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் பீஸாக வேலை பார்ப்பது சுவருக்குள் ஓடும் வயர். 4 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 17 ஆம்பியர். சுவருக்குள் லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயரில் ஹீட்டரை மாட்டினால் இணைப்பு எத்தனை பெரிதாக இருந்தும் வயர் உருகும். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுப்பதே முறை.

கடைசியாக எர்த். கரிசல் மண் ஈரத்தில் கரண்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்ததும் கைவிட்டுவிடும். எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது ஈரம் தங்கத்தான். குடிக்கவே குடம் வரிசையில் நிற்கும் ஊரில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் வீட்டுக்காரம்மா முறைக்கத்தான் செய்வார். பாத்திரம் கழுவிய தண்ணீர் போதும்.

ஏ.சி.யும் பெரிய மோட்டாரும் இல்லாத வீட்டுக்கு ஒரு பேஸே தாராளம். மூன்று பேஸுக்கு ஆகும் பணத்தில், கரண்ட் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை முதலில் வாங்கி மாட்டுங்கள். சம்பந்திகள் அதைக் கவனிக்க மாட்டார்கள், ஆனால் கை ஈரத்தோடு சுவிட்சைத் தொடும் பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.