பச்சைத் தண்ணி படுத்திய பாடு

வீட்டில் யாரும் பாசி வளர்ப்பதில்லை. அது தானாக வரும், நாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துரத்துவோம். சின்டெக்ஸ் டேங்க், குளியலறை மூலை, துவைகல் என்று எங்கே வேண்டாமோ அங்கெல்லாம் செழிக்கிற அந்த ஜீவனை, வெற்றிலைபாக்கு வைக்காத குறையாக அழைத்து வந்து சாகடித்த பெருமை எனக்கு உண்டு.

சமையலறைத் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறதே என்ற கவலையில் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்பவர் 1950களிலேயே கழிவுநீரைப் பாசிக் குட்டையில் விட்டுச் சுத்தம் செய்து காட்டியதைப் படித்திருந்தேன். கழிவை பாக்டீரியா தின்னும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனைப் பாசி கொடுக்கும். பாக்டீரியா விடுகிற கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். கூடவே தண்ணீரில் கரைந்த தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். வெயில் இருந்தால் போதும். எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

குட்டை ஓரடி ஆழம்தான் இருக்க வேண்டும் என்றும் படித்தேன். படித்துவிட்டு இடுப்புயர நீல டிரம் ஒன்றை வாங்கி வந்தேன். ஓரடித் தொட்டி வைத்தால் மொட்டைமாடியில் துணி காயப்போட இடம் இருக்காது. அந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் விஞ்ஞானம் செல்லாது. பச்சை அடர அடர வெளிச்சம் சில விரற்கடைக்குக் கீழே இறங்காது என்பதை மூக்குதான் சொல்லிக்கொடுத்தது. மேலே பசுமை, கீழே அரிசி கழுவிய தண்ணீர் இருட்டில் ஊறிப் புளித்துக்கொண்டிருந்தது. “மாடியில எலி ஏதும் செத்துக் கெடக்கா தம்பி?” என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார். “இருக்கும்க்கா, பாக்குறேன்” என்றேன்.

மீன்தொட்டி மோட்டார் ஒன்றைப் போட்டுக் கலக்கியதும் நாற்றம் தணிந்தது. பள்ளியில் தாவரவியல் எடுக்கும் நண்பர் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நாலு செல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்க, இரு ஓரத்திலும் முள் நீட்டிக்கொண்டிருந்தது. சினடெஸ்மஸ் என்றார். எதையும் தாங்குமாம். அதோடு விட்டிருக்கலாம். பல இனம் சேர்ந்தால் பலம் என்று நானாக முடிவுகட்டி, கோயில் குளத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன்.

சில நாளில் டிரம் தெளிந்துவிட்டது. அடியில் விழுந்து கிடந்த துருப்பிடித்த ஆணிகூடத் தெரிந்தது. வீட்டாரை, கீழ்வீட்டு அக்காவை, நண்பரை எல்லாம் மாடிக்கு வரவழைத்து, கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கழிவுநீர் மறுசுழற்சி பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். நண்பர் தம்ளரை வாங்கிப் பார்த்தார். செக்கச்செவேல் என்று புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளின.

“சார், நீங்க எதையும் சுத்தம் பண்ணல. பாசிய இவங்க சாப்பிட்டு முடிச்சிட்டாங்க.”

டாஃப்னியா. குளத்துச் சொம்பில் வந்த விருந்தாளி. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அதன் உடம்பில் ஹீமோகுளோபின் கூடிச் சிவந்துவிடுமாம். ஆக, என் மோட்டார் ஏற்பாட்டுக்கும் சேர்த்தே மார்க் போட்டுவிட்டது. தின்ற பாசியின் தழைச்சத்தில் ஒரு பகுதியை அமோனியாவாக அதே தண்ணீரில் கழித்துக்கொண்டும் இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாசி சத்தைப் பிடித்து மட்டுமே வைக்கிறது. பாசியை வெளியே எடுத்தால்தான் தண்ணீர் சுத்தம். செத்தாலோ யாராவது தின்றாலோ, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

மறுபடி வளர்த்தேன். வளர்ந்தது. எடுப்பது எப்படி? சுருள்பாசி என்றால் துணியிலேயே தங்கிவிடும். இது முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. வேட்டி பச்சையானது, தண்ணீரும் பச்சையாகவே இறங்கியது. பாசிச் செல்களின் மேல் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன, படிகாரம் போட்டால் திரளும் என்றார் நண்பர். திரளத்தான் செய்தது. அலுமினியம் கலந்த அந்தக் கூழைக் கத்தரிச்செடிக்கு வைக்கத்தான் மனசு வரவில்லை. பெரிய பாசிப் பண்ணைகளுக்கும் இந்த அறுவடைதான் செலவு பிடிக்கும் வேலை என்று படித்தபோது கிடைத்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல.

நெல்வயலில் இந்தத் தொல்லை கிடையாது. வயல் மண்ணுக்குக் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்ப்பது நீலப்பச்சைப் பாசி என்று பி. கே. டே 1939இலேயே எழுதினார். நட்ட பத்தாம் நாள் ஏக்கருக்கு நாலு கிலோ தூவினால், வளர்ந்து அங்கேயே மக்கிக்கொள்ளும். என்னிடம் வயல் இல்லை.

எனவே இப்போது வடிகட்டுவதில்லை. பச்சைத் தண்ணீரை அப்படியே கத்தரிக்கு ஊற்றுகிறேன். செடி ஆட்சேபிக்கவில்லை. மனைவிதான் கேட்டாள்: “இதுக்கு அந்தக் கழுவுன தண்ணிய நேரா செடிக்கே ஊத்தியிருக்கலாமேங்க?”

கரைந்த சத்து செடித்தொட்டியின் ஓட்டை வழியே ஓடிவிடும், பாசிக்குள் இருந்தால் மண்ணில் மக்கி மெல்ல மெல்லக் கிடைக்கும் என்று விளக்கினேன். அது உண்மைதான்.

“ராத்திரி பகலா மோட்டார் ஓடுதே, அந்தக் கரண்ட் பில்லும் மெல்ல மெல்லத்தான் வருமா?”

அஞ்சு வாட்ஸ் மோட்டார், மாதத்துக்கு நாலு யூனிட்கூட ஆகாது. இந்த ஒரு கணக்குதான் எனக்குத் தப்பாமல் வந்தது. சொல்வதற்குள் அவள் துணி எடுக்கப் போய்விட்டாள்.