நாவலாசிரியர் ஆக எளிய வழி

முதலில் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வெளியீட்டுத் தேதியைக் குறித்துவிடுங்கள். கதை மெதுவாக வரட்டும். அணிந்துரைக்கு 3 பேர் பிடியுங்கள். எவராவது நாவலைப் படிக்கக் கேட்டால் உஷார், நட்பு போதவில்லை. 800 பக்கத்துக்குக் குறையவே கூடாது. விருதுக் குழு எதையாவது தூக்கிப் பார்க்க வேண்டாமா? எழுத்தாளர் மௌனி இருபத்துச் சொச்சம் சிறுகதைகளோடு நின்றுவிட்டார்; நல்லது சொல்ல ஆள் இல்லை, பாவம். நடையைப் பற்றிக் கவலை எதற்கு? வாசகனுக்குப் புரியாவிட்டால் பின்நவீனத்துவம், புரிந்து தொலைத்தால் யதார்த்தவாதம். அச்சடிக்க 30 பிரதி தாராளம். மேடையில் இருப்பவர்களுக்கே சரியாகப் போய்விடும். தப்பித் தவறி ஒன்று விற்றுவிட்டால் பதறாதீர்கள். பக்கத்து அரங்கின் சமையல் புத்தகம் என்று நினைத்து வாங்கியிருப்பார். சாயங்காலம் ரசீதோடு வருவார்.