கட்டிப்பிடித்தவர் ஒருவர், கடுகடுத்தவர் ஒருவர்

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் என்றொரு விளையாட்டு உண்டு. அணிக்கு 13 பேர், முட்டை வடிவத்தில் ஒரு பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்மேல் எதிரணி மொத்தமும் விழுந்து அமுக்கும். இதில் ஃபார்வர்ட் என்று சிலர் உண்டு. சுவரைக் கண்டால் கதவு எங்கே என்று தேடாமல் சுவர் வழியாகவே போகிற ஜாதி. அந்த ஜாதியின் சூப்பர் ஸ்டார் நார்ம் ப்ரோவன். உயரம் ஆறடி நாலு அங்குலம், செல்லப்பெயர் 'ஸ்டிக்ஸ்'. குச்சி என்று பெயர் வைத்தவர் நிச்சயம் இவரோடு மோதிப் பார்த்தவராக இருக்க முடியாது.

சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் கிளப் 1956லிருந்து 1966 வரை தொடர்ந்து 11 வருஷம் சாம்பியன். முதல் பத்திலும் ப்ரோவன் இருந்தார். கடைசி நாலில் கேப்டனும் அவரே, கோச்சும் அவரே. "சரியாக ஆடவில்லை என்றால் கோச் திட்டுவார்" என்கிற பயம்கூட மனுஷனுக்குக் கிடையாது! மற்ற கிளப்காரர்கள் எல்லாம் சீசன் முழுக்க எதற்காக ஓடினார்கள் என்பதுதான் புரியவில்லை.

ஒரு ரகசியம் சொல்கிறேன், செயின்ட் ஜார்ஜ் ரசிகர்களிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பந்து வைத்திருக்கும் அணி எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து தொடரலாம், கணக்கு வழக்கே கிடையாது. பந்து செயின்ட் ஜார்ஜ் கைக்குப் போனால் எதிரணி டீ குடித்துவிட்டு வரலாம். 1967ல் 'நாலு தடவைதான், அப்புறம் பந்தை விடு' என்று விதி வந்தது. அதே வருஷம் சாம்ராஜ்யம் சரிந்தது. நம்ம ஆள் 1965 ஃபைனலோடு ரிட்டயர் ஆகியிருந்தார். டைமிங் என்றால் இதுவல்லவா டைமிங்!

ஆனால் ப்ரோவனை அமரத்துவம் அடைய வைத்தது பத்து கப்பும் அல்ல, ஒரு போட்டோ. அதுவும் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட போட்டோ.

1963 ஆகஸ்ட் 24. சிட்னி கிரிக்கெட் மைதானம். ஆமாம், 2004ல் சச்சின் 241 அடித்தாரே, அதே இடம். அன்றைக்கு மழை பெய்து மைதானத்தின் நடுப்பகுதி வெறும் சேறு. செயின்ட் ஜார்ஜுக்கு எதிரே வெஸ்டர்ன் சபர்ப்ஸ். அதன் கேப்டன் ஆர்தர் சம்மன்ஸ், சுமார் ஐந்தரை அடி. வெஸ்ட்ஸ் 1961 ஃபைனலிலும் இதே அணியிடம் தோற்றது, 1962 ஃபைனலிலும் தோற்றது. மூன்றாவது தடவையாவது விதி மாறும் என்று நம்பி வந்தார்கள். விதி மாறவில்லை, ரெஃப்ரி வந்தார்.

ரெஃப்ரி பெயர் டார்சி லாலர். வெஸ்ட்ஸ் ட்ரை வைத்தால் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை) செல்லாது என்றார். செயின்ட் ஜார்ஜின் ஜானி கிங் சேற்றில் விழுந்தபோது, ஆள் பிடிபட்டுவிட்டார் என்று வெஸ்ட்ஸ்காரர்கள் கையை எடுத்தார்கள். கிங் எழுந்தார், ஓடினார், ட்ரை வைத்தார். அது செல்லும் என்றார் லாலர்! முடிவு 8–3. ரெஃப்ரி செயின்ட் ஜார்ஜ்மேல் பணம் கட்டியிருக்கிறார் என்று ஆட்டத்துக்கு முன்பே சக வீரர் ஜாக் கிப்சன் தங்களிடம் சொன்னதாக, வெஸ்ட்ஸின் நோயல் கெல்லி பின்னாளில் சொன்னார். எதுவும் நிரூபணமாகவில்லை. லாலர் அந்த மேட்ச்சோடு விசிலைக் கழற்றி வைத்துவிட்டார் என்பது மட்டும் உண்மை.

விசில் ஊதியதும் ப்ரோவன் பெருந்தன்மையாக சம்மன்ஸிடம் வந்து ஜெர்சி மாற்றிக்கொள்ளலாமா என்றார். ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை எப்போதும் சுலபமாக வரும். சம்மன்ஸ் மறுத்துவிட்டு, உங்களை ஜெயிக்க வைத்தது ரெஃப்ரிதான் என்று பொருமித் தள்ளினார். தலை முதல் கால் வரை சேறு அப்பிய நெட்டையர் குனிந்து கட்டிப்பிடிக்க, குள்ளர் நிமிர்ந்து பொரும, சரியாக அந்த விநாடியில் 'சன்-ஹெரால்ட்' போட்டோகிராபர் ஜான் ஓ'கிரெடி பட்டனை அழுத்தினார்.

மறுநாள் பேப்பரில் பார்த்த தேசம் உருகிப்போனது. ஆஹா, என்ன அன்பு, என்ன விளையாட்டு மனப்பான்மை! படத்துக்கு 'கிளாடியேட்டர்ஸ்' என்று பெயர் ஆயிற்று. போட்டோவுக்குச் சத்தம் கிடையாது என்பது சம்மன்ஸின் துரதிர்ஷ்டம், ஆஸ்திரேலியாவின் அதிர்ஷ்டம்.

கதை இதோடு முடியவில்லை. 1982ல் அந்தப் படத்தை வெண்கலச் சிலையாக வடித்து சாம்பியன்ஷிப் கோப்பையாக்கினார்கள். ஸ்பான்சர் யார் தெரியுமா? வின்ஃபீல்ட். சிகரெட் கம்பெனி! 80 நிமிஷம் நுரையீரல் வெடிக்க ஓடி ஜெயித்தவனுக்குப் பரிசு தருவது, அதே நுரையீரலை வைத்து வியாபாரம் பண்ணுகிறவர்கள். புகையிலை விளம்பரத்துக்குத் தடை வந்ததும் 1995 சீசனோடு வின்ஃபீல்ட் பெயர் போயிற்று. சிலை மட்டும் போகவில்லை. போட்டோவுக்கு 50 வயதானபோது, 2013ல், கோப்பைக்கு 'ப்ரோவன்-சம்மன்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். தோற்ற அணியின் கேப்டன், அதுவும் கோபத்தில் இருந்த கேப்டன், கோப்பையிலேயே இடம் பிடித்துவிட்டார். பழிவாங்கல் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நல்லவேளை, கோபம் தணிந்து இருவரும் நண்பர்களானார்கள். சிலையிலேயே அத்தனை வருஷம் கட்டிப்பிடித்து நின்றபின் சண்டை போட்டால் ஊர் என்ன சொல்லும்?

இதற்கிடையில் ப்ரோவன், ஆடாமல் வெறும் கோச்சாக இருந்தும் பார்த்தார். 1978ல் க்ரனுல்லா அணியை ஃபைனல் வரை இழுத்து வந்தார். மேன்லியோடு 11–11 டிரா. திரும்ப ஆடச் சொன்னார்கள். 0–16. ஆட்டக்காரராகப் பத்துக்குப் பத்து எடுத்தவருக்குப் பெவிலியன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ராசி மாறிவிட்டது. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. க்ரனுல்லா முதல் கப்பைப் பார்த்ததே 2016ல்தான்.

'ரக்பி லீக் வீக்' பத்திரிகை 1981ல் 'இம்மார்ட்டல்ஸ்' என்று ஒரு பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. சாகாவரம் பெற்றவர்களாம். முதல் நால்வரில் ரெக் காஸ்னியரும் ஜானி ரேப்பரும் செயின்ட் ஜார்ஜில் ப்ரோவனோடு ஆடியவர்கள். அவர்களுக்கே கேப்டனாக இருந்த ப்ரோவன் 37 வருஷம் க்யூவில் நின்றார். 2018ல் பட்டம் வந்தபோது, கொடுக்க அந்தப் பத்திரிகை இல்லை. சாகாவரம் விநியோகித்த பத்திரிகைக்கு 2017லேயே ஆயுள் முடிந்திருந்தது.

சம்மன்ஸ் 2020ல் காலமானார், ப்ரோவன் அடுத்த வருஷம். கிங் பிடிபட்டாரா இல்லையா என்று சிட்னியில் பெரியவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் நான் சம்மன்ஸ் கட்சி. ஆனால் ரெக்கார்டு புத்தகத்தில் ஸ்கோர் இன்றும் 8–3தான்.