மலைக்கு ரீல்ஸ் எடுக்க வர்ற கண்ணுகளுக்கு

ஏங்கண்ணு, ஈரோட்டுல இருந்து போனும் செல்ஃபி குச்சியுமா மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பிட்டியாமே! நல்லா வா சாமி. சாமராஜநகர் மாவட்டம்னு பேரு வந்ததே 1997லதான். அதுக்கு முன்னாடி மைசூர் ஜில்லா. 1956 வரைக்கும் எங்க கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவுல கிடந்துச்சு. கோடுதான் மாறுச்சு, கூட்டம் மாறலே. அமாவாசைக்கு சேலத்துக்காரனும் மைசூர்க்காரனும் ஒரே வரிசையில நின்னுதான் "உகே மாதப்பா"ங்கறான், மாதேஸ்வரனைத்தான் அப்படிக் கூப்பிடறது.

வந்ததும் கம்சாளேக்காரரைப் புடிச்சுக்குவே, தெரியும். இடது உள்ளங்கையில வெண்கலக் கிண்ணி, வலது கையில கயித்துல கோத்த வெண்கலத் தட்டு, அதுதான் கம்சாளே. தட்டு தலைக்கு மேல போயி, முதுகைச் சுத்தி வந்து, தாளம் தப்பாம கிண்ணியில ணங்குனு விழும். ரீல்ஸுக்கு இதைவிடச் சரக்கு வேணுமா? இப்படித்தான் ஒரு பையன் வந்து, "தாத்தா, 30 செகண்டுல முடிச்சிருங்க"ன்னான். அவரு சங்கம்மா கதையை எடுத்தா விடியவிடியப் பாடற மனுசன். 30 செகண்டுல தொண்டையைக் கனைச்சாரு. பையன் அதையே போட்டுட்டான். லைக் நல்லாவே விழுந்துச்சாம்.

அந்தக் கதையாவது தெரியுமா உனக்கு? புருசன் நீலேகவுடன் காட்டுக்குப் போறான். பொண்டாட்டி சங்கம்மா மேல சந்தேகம். பத்தினியா இருப்பேன்னு சத்தியம் பண்ணுங்கறான். அவ ஒப்பலே. கொடுமைப்படுத்தி அடைச்சு வெச்சுட்டுப் போறான். மாதப்பன் ஜங்கமனா, அதாவது ஊர் சுத்தற சிவனடியாரா, வாசல்ல வந்து நின்னு அவளுக்குப் புள்ளை வரம் குடுக்கறான். 'கோலுமண்டே' பாட்டு அங்கிருந்து வந்தது. 1996ல 'ஜனுமத ஜோடி' படத்துல எல்.என். சாஸ்திரி பாடி, மாநில விருதே வாங்கிட்டாரு. படம் வரலேன்னா பெங்களூர்க்காரன் காதுல அது விழுந்திருக்குமா? அதையும் ஒத்துக்கறேன்.

2020ல சந்தன் ஷெட்டி அதையே ராப் ஆக்குனாரு. சங்கம்மாவைக் காட்டுன விதம் கேவலமா இருக்குதுன்னு பக்தருங்க கொதிச்சாங்க. அவரு மன்னிப்புக் கேட்டாரு, வீடியோ யூடியூப்ல இருந்து போயிருச்சு. அதனால என்ற ரோசனை ஒண்ணு கேட்டுக்க: மன்னிப்பு வீடியோவையும் சேர்த்தே எடுத்து வெச்சுக்க. வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே எடுத்துரு. சட்டை மட்டும் மாத்திக்க, இல்லேன்னா ஒரே நாள்ல எடுத்ததுன்னு கண்டுபுடிச்சிருவாங்க.

தாத்தனுக்கு மிஷினைக் கண்டா ஆகாதுன்னு நினைக்காதே. 1935லயே மைசூர்ல கோபாலசாமின்னு ஒரு வாத்தியாரு தன்ற வீட்டுலயே ரேடியோ ஸ்டேஷன் வெச்சு, அதுக்கு ஆகாசவாணின்னு பேரும் வெச்சாரு. காலேஜுல அவரு சொல்லிக்குடுத்தது மனசைப் பத்தின படிப்பு. ஊருக்கு முன்னாடி அவருக்குப் புரிஞ்சிருக்குது, பொட்டிக்கும் மனசுக்கும் என்ன சோலின்னு!

ஆனா பொட்டிக்குன்னு ஒரு குணம் இருக்குது கண்ணு. மெட்டு பஸ் ஏறிப் போயிருது, கதை அடிவாரத்துலயே நின்னுக்குது. பாக்கறவன் மொத மூணு செகண்டுல நிக்கலேன்னா கட்டைவிரல்ல தள்ளிவிட்டுருவான். அந்தப் பயத்துல நீ என்ன பண்றே? சந்தேகத்தை வெட்டறே, சத்தியத்தை வெட்டறே, சங்கம்மா பட்ட பாட்டையும் வெட்டறே. கடைசியில ஆட்டம்தான் மிஞ்சுது. இந்தக் காட்டுல கேமராவுக்குப் புடிச்ச ஆளு வேற, அது உனக்கே தெரியும். கோபிநத்தத்து வீரப்பனுக்கு 2023ல மட்டும் நெட்ஃபிளிக்ஸ்ல ஒண்ணு, ஜீ5ல ஒண்ணு. எழுபத்தேழு மலைக்கு உடையவனுக்கு உன்ற 30 செகண்டு. போதுமா போதாதான்னு மாதப்பனையே கேட்டுக்க.

சரி, வர்றதுதான் வர்றே, ஒரு நாள் ராத்திரி தங்கற மாதிரி வா. பாடறவருக்கு ஒரு நூறு ரூபாய் குடு. வீடியோ எடுத்தா அவரு பேரையும் ஊரையும் கீழே போடு. உன்ற பேரைப் பொறவு போட்டுக்கலாம்.